தையல்கார அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

பாப்பா நேற்று வயிறு முட்டக் குடித்துவிட்டு, அழாமல் தூங்கினாள். எடையும் ஏறியிருக்கிறது. இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். குடித்த பால் இரைப்பையிலிருந்து மேலேறி வரும் ரிஃப்ளக்ஸால் அழுது அழுது எடை ஏறாமல் நின்றவள் இவள். பாண்டி டாக்டரிடம் ஓடியது வரை பட்ட பாடெல்லாம் உங்களுக்குத் தெரியும், விரிவாகத் திரும்பச் சொல்லவில்லை.

முதல் நன்றி திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனையில் தையல் மெஷின் போட்டிருக்கும் அண்ணனுக்கு. பால் கொடுத்ததும் 20, 30 நிமிஷம் நிமிர்த்தியே வைத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், வீட்டுக்குள் என்றால் வீறிடுவாள், அதனால் தோளில் போட்டுக்கொண்டு தெருவில்தான் நடப்பேன். என்ன ஏது என்று அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு சாயங்காலம் கூப்பிட்டு மஞ்சள் பை ஒன்றை நீட்டினார். பழைய வேட்டியைக் கிழித்து, மடித்து, ஓரம் அடித்த தோள் துணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாடா, அக்குளுக்கடியில் கட்டிக்கொள்ள. "துண்டு நழுவி நழுவி விழுதும்மா, பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார், அவ்வளவுதான். எவ்வளவு என்று கேட்டால் காது கேட்காத மாதிரி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்கள் வாயிலிருந்து வேறு மாதிரிப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உரம் விழுந்திருக்கு, கண்ணு பட்டிருக்கு, உன் பால் சேரலை, எந்தக் குழந்தைதான் கக்கலை, ரிஃப்ளக்ஸாம் ரிஃப்ளக்ஸு, இதுக்குப் போய் பாண்டிக்கு ஓடுறா. சரி, கக்காத குழந்தை குறைவுதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் இருக்கும் தசை வலுப்பெற்றிருக்காது, 4 மாத வாக்கில் அதிகமாகக் கக்கும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று, ஒன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். கக்கிவிட்டுச் சிரிக்கிற குழந்தைக்கு மருந்தே வேண்டாம் என்று டாக்டரே சொல்கிறார். ஆனால் பாலைக் கண்டாலே முதுகை வளைத்து அழுது, எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைக்கும் அதே பதிலா? பெற்றவள் சொல்வதைக் கொஞ்சம் காதில் வாங்கிவிட்டுப் பேசியிருக்கலாம்.

பாண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தவர்கள், வீச்சத்துக்கு முகம் சுளிக்காதவர்கள், எடை பார்க்கும்போதெல்லாம் பாப்பாவோடு என்னையும் சமாதானப்படுத்திய நர்ஸ் அக்கா, ராத்திரி பாதியை விழித்துத் தள்ளிய என் வீட்டுக்காரர், எல்லோருக்கும் நன்றி. மாமியாருக்குத் தனியாக. தலைக்கு உயரம் வேண்டும் என்று தலையணை வைத்தவரே, சமமான படுக்கையில் மல்லாக்கத்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அதை எடுத்துப் பரணில் போட்டார், அப்புறம் வந்தவர்களிடமெல்லாம் எனக்காகச் சண்டையும் போட்டார்!

இனி யாராவது கைக்குழந்தையோடு வந்து புலம்பினால் வைத்தியம் சொல்ல மாட்டேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு, போய்ச் சாப்பிட்டு வா என்பேன்.

அண்ணே, பொங்கலுக்கு ஜாக்கெட் உங்களிடம்தான் தைக்கக் கொடுப்பேன். அதற்கும் கூலி வேண்டாம் என்றீர்களானால் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவேன், சொல்லிவிட்டேன்.