ஏழுகிணற்றுக்கும் கடல்நீருக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வந்த சென்னைக் குடிநீர் வரலாறு, 1772-ஆம் ஆண்டு ஏழுகிணற்றிலிருந்து ஒரே தாவாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்குப் போய்விட்டது. 1944-இல் வந்த பூண்டி ஏரி கூட இல்லை! விஷயமே நடுவில்தான் இருக்கிறது.

1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்து, வடிகட்டாமலே வார்ப்பிரும்புக் குழாய்களில் ஊருக்குள் போனது. மண் கால்வாய் வழியிலேயே பாதியை உறிஞ்சாவிட்டாலும் கொஞ்சத்தைக் குடித்துவிடும். கரையின் அழுக்கும் உள்ளே சேரும். மூடிய கால்வாயும், மணல் வழியே நீரை மெதுவாக வடியவிடும் மெதுமணல் வடிகட்டியும் 1914-இல்தான் வந்தன.

அந்த வடிகட்டியில் கிருமிகளைப் பிடிப்பது மணல் மட்டுமல்ல, அதன் மேல் படரும் மெல்லிய உயிர்ப்படலம். படலம் தடித்து ஓட்டம் குறைந்தால், நீர்மட்டத்தை மணலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இறக்கி, மேல்மணலை 1 அல்லது 2 செ.மீ. மட்டும் வழித்தெடுக்க வேண்டும். படலம் மறுபடி வளரும்வரை வரும் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும்.

இங்கே மலேசியத் தோட்டப்புறங்களில் ஆற்று நீருக்கு மணல் தொட்டி கட்டுவோர் கவனிக்க: மொத்த மணலையும் அள்ளிக் கழுவினால் படலம் போய்விடும். தொட்டியைக் காயவிட்டாலும் அதே கதி. குளோரினை மணலுக்கு முன்னால் கலக்காதீர்கள், வடிந்த பிறகு கலக்கலாம்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்