பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு: மூடி வாங்கும் முன் பின்கதவைப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் வந்தால், பிக்கப் வண்டியின் பின்பெட்டிக்கு மூடி போட்டுத் தரும் எங்கள் கடைக்கு ஒரு கணக்கு உண்டு. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுக்கும், நாலு மணிக்குக் கொட்டும், ஐந்து மணிக்குத் தொலைபேசி அடிக்கும். "பாஸ், போன மாசம்தான் மூடி போட்டேன், பெட்டியில தண்ணி நிக்குது!" மழை ஓய்ந்து இரண்டு வாரம் வெயில் அடித்தால் அதே ஆள் தூசிக்காக வருவார். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி விரல் தேய்ந்துவிட்டது. தீபாவளிக்கு மாவு மூட்டையும் முறுக்கு டின்னும் ஏற்றப் போகிறவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சரி, எல்லோருக்கும் சேர்த்து ஒரு மடலாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தோம்.

ஹைலக்ஸ், டிமேக்ஸ், ட்ரைட்டன், ரேஞ்சர் எதுவாக இருந்தாலும் சரி, அதன் பின்பெட்டி தண்ணீர் புகாமல் இருக்கச் செய்யப்பட்டதல்ல. திறந்த பெட்டி அது. மழை விழும், விழுந்தது வடிந்து போகும் என்ற எண்ணத்தில்தான் தொழிற்சாலையில் செய்கிறார்கள். தரையில் ஓட்டைகள் இருப்பதும், பின்கதவின் இரண்டு பக்கமும் அடியிலும் பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பதும் அதற்காகத்தான். மேலே ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) செலவழித்து மூடி மாட்டினாலும் கீழே அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும். கூரையை மட்டும் மாற்றிவிட்டு வாசலுக்குக் கதவு வைக்காத வீடு மாதிரி.

தண்ணீரை விடத் தூசிதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குத்தகை வேலை எடுக்கும் ஒரு வாடிக்கையாளர், மூடி போட்ட பிறகுதான் தூசி அதிகமாகிவிட்டது என்று வந்து நின்றார். முதலில் நாங்களும் நம்பவில்லை. திறந்து பார்த்தால் பெட்டியின் பின்பாதி முழுக்கச் செம்மண் மாவு, முன்பாதி ஓரளவு சுத்தம். பின்கதவின் ஓரத்தில் எங்கெல்லாம் இடைவெளி இருந்ததோ அங்கெல்லாம் கோடு போட்டது போல் சிவப்பு.

தோட்டத்து பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன் சீட்டில் இருப்பவன் சட்டை வெள்ளையாகவே இருக்கும், நம் தலைமுடி மட்டும் செம்பட்டை ஆகியிருக்கும். வண்டி ஓடும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. கிழிந்த காற்று உடனே பின்னால் வந்து சேர்வதில்லை. அதனால் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. பின்சக்கரம் கிளப்பும் தூசியை அந்தச் சுழல் அள்ளிக்கொண்டு வந்து பின்கதவின் மீது அப்புகிறது. பெட்டிக்குள்ளும் காற்று உறிஞ்சப்படுவதால் ஓர் ஓட்டையில் வெளியே போகும் காற்றுக்கு ஈடாக இன்னோர் ஓட்டையில் தூசியோடு காற்று உள்ளே நுழைகிறது. மூடி இல்லாத பெட்டியிலும் தூசி விழத்தான் செய்யும். ஆனால் மேலே அடிக்கும் காற்று பாதியைத் தூக்கிப் போய்விடும். மூடி போட்ட பிறகு உள்ளே காற்றோட்டம் இல்லை, வந்த தூசி வந்த இடத்திலேயே படிகிறது. அந்த வாடிக்கையாளர் சொன்னது பொய்யில்லை.

ஆகவே எங்கள் கடையில் நாங்கள் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் பின்கதவின் இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டை, அப்புறம்தான் மூடி. விலை குறைந்த வேலையை முதலில் செய்யச் சொல்லும் கடை எது என்று சிலர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். மூடி விற்றால் எங்களுக்கும் லாபம்தான். ஆனால் மூடி போட்ட மறுவாரமே "தண்ணி வருது" என்று திரும்பி வரும் வண்டிக்குப் போகும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

எங்கே ஒழுகுகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டிய பிறகு கைவிளக்கை ஏற்றிப் பெட்டிக்குள் வைத்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தூசி நுழையும் இடம். ஏற்கனவே ரப்பர் ஒட்டியிருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் நசுங்கவில்லை. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ரப்பர் மீது முகப் பவுடர் தடவிக் கதவை ஒருமுறை மூடித் திறங்கள். எதிர்ப்பக்கத்துத் தகரத்தில் பவுடர் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் குறை. (திருநீறு தடவிப் பார்த்த ஒரு பெரியவரும் உண்டு. வேலை செய்தது.) தண்ணீர்க் குழாயால் சோதிப்பவர்கள் கீழிருந்து மேலே போங்கள். எடுத்தவுடனே மேலிருந்து பீய்ச்சினால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்றே தெரியாது.

பின்கதவைத் தவிர எங்கள் அனுபவத்தில் அடிக்கடி மாட்டும் இடங்கள் மூன்று. மூடியின் தண்டவாளம் பெட்டியின் விளிம்பில் உட்காரும் இடம் ஒன்று. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் பெட்டியின் முன்சுவர் மேல்விளிம்பு இன்னொன்று. சமதரையில் நிறுத்திய வண்டியில் வறண்டிருந்து, இறக்கத்தில் நிறுத்திய வண்டியில் மட்டும் நனைந்தால் முன்சுவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது, சுருட்டி மூடும் ரோலர் வகை. அதன் சுருள் பெட்டியில் தண்ணீர் சேரும், அதை வெளியேற்ற மெல்லிய குழாய்கள் இருக்கும். அங்சானா மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அந்த மஞ்சள் பூ போதும், குழாய் அடைத்துக்கொள்ளும். ரப்பரைக் குறை சொல்லுமுன் குழாயை ஊதிப் பாருங்கள்.

ரப்பரைப் பற்றி ஒரு கேள்வி விடாமல் வருகிறது: "மலேசியாவிலேயே ரப்பருக்கு இவ்வளவு விலையா?" நியாயமான கேள்விதான். 1877இல் கோல கங்சாரில் ஊன்றிய கன்றுகளிலிருந்து வளர்ந்த நாடு இது. எங்கள் தாத்தாவே பால்மரம் சீவியவர். ஆனால் நாங்கள் ஒட்டும் ரப்பர், மரத்திலிருந்து வருவதில்லை. இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் சீக்கிரம் வெடித்துப்போகும். இது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், கார் கதவில் இருப்பது போன்றது. வெயிலையும் மழையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதற்கும் ஒரு பகை உண்டு: பெட்ரோல், டீசல், இயந்திர எண்ணெய். பட்டால் உப்பிக் கொழகொழத்துப்போகும். பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை ரப்பருக்கும் அடித்து விடாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும். பளபளப்பு வேண்டுமென்றால் சிலிகான் ஸ்ப்ரே.

தடிமனான ரப்பர் போட்டால் நன்றாக அடைக்கும் என்று நினைப்பது தவறு. உள்ளே குழல் போல் காற்றிருக்கும் ரப்பர், கதவை மூடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நசுங்க வேண்டும். அதைவிடத் தடித்தால் கதவு பூட்டிக்கொள்ளாது. வலிந்து அடித்து மூடினால் கொக்கி தேயும். பின்கேமராவின் கம்பி கதவுக்குள் போகும் பக்கத்தில், கம்பி நசுங்காமல் கவனம் வேண்டும். ஒட்டும்போது ரப்பரை இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டிய ரப்பர் ஒரு வாரத்தில் தன் நீளத்துக்குத் திரும்பிவிடும், மூலை இரண்டும் வாய் பிளந்து நிற்கும். இணையத்தில் வாங்கித் தாங்களே ஒட்டிக்கொண்டு வருகிற வண்டிகளில் நாங்கள் பார்க்கும் முதல் குற்றம் இதுதான்.

பசை நாடாவுக்கும் பொறுமை வேண்டும். மெழுகு பூசிய தகரத்தில் எதுவும் ஒட்டாது, அதனால் முதலில் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கிறோம். வெயிலில் நின்று கை சுடும் வண்டியை நிழலில் ஆறவிட்ட பிறகே தொடுவோம். நல்ல நாடா ஒட்டி ஒரு நாளில் ஏறக்குறைய 90 விழுக்காடு பிடிக்கும், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். அந்த மூன்று நாளில் வண்டியை உயர் அழுத்தக் குழாயில் கழுவாதீர்கள். கழுவியவர்களை எங்களுக்குத் தெரியும், ரப்பரையே கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இனி தரை ஓட்டைகள். இதில் எங்கள் தவற்றையே சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் ஒரு வாடிக்கையாளர் வற்புறுத்தியதால் நான்கு ஓட்டைகளையும் பிசினால் அடைத்துக் கொடுத்தோம். தூசி நின்றது, அவருக்கும் மகிழ்ச்சி. ஒரு நாள் மூடியை முழுதும் இழுக்காமல் விட்டுவிட்டு பத்துமலைக்குப் போயிருக்கிறார், மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வரிசை இருக்கை உள்ள இரட்டை அறை (டபுள் கேப்) வண்டியின் பெட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், அதே அளவு அகலம். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 22 லிட்டர். அவர் வண்டியில் நின்றது அதைவிட அதிகம், அதில் மிதந்தது வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி. அன்றிலிருந்து வடிகால் ஓட்டையை நிரந்தரமாக அடைத்துத் தரச் சொன்னால் மாட்டோம் என்றே சொல்கிறோம். கீழ்நோக்கி மட்டும் திறக்கும் சிறிய ரப்பர் வால்வு போடலாம். தண்ணீர் போகும், தூசி ஏறுவது பெருமளவு குறையும். மாதம் ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள், மண் அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் லைனர் போட்டிருப்பவர்கள் வருடம் ஒருமுறையாவது அதைத் தூக்கிப் பாருங்கள். ஈரமும் மண்ணும் அடியில் தங்கி, மேலே எல்லாம் அழகாக இருக்கும்போதே தகரம் துருப்பிடித்திருக்கும்.

இடுக்குகளில் சிலிகான் அடைப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அழுத்தும்போது வினிகர் வாடை வந்தால் அது குளியலறைக்கு ஆனது. அந்த அமிலம் தகரத்தை அரிக்கும். வாடை இல்லாத நடுநிலை வகை கேட்டு வாங்குங்கள்.

கேனோபி, அதாவது பெட்டியின் மேல் கண்ணாடியோடு நிற்கும் உயரமான கூடு, போட்டிருப்பவர்களுக்கு வழி வேறு. முன்பக்கம் சிறு காற்றுவழி வைத்தால் ஓடும்போது உள்ளே காற்று நிறைந்து, இடுக்கு வழியாக வெளியே தள்ளும். தூசி நுழைய இடமிருக்காது. மழையில் மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காற்று வரட்டும் என்று கேனோபியின் பின்கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டாதீர்கள். தூசியை இழுக்கும் அதே சுழல் புகைக்குழாயின் புகையையும் உள்ளே இழுக்கும். நாயை ஏற்றிப் போகிறவர்கள் இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் "ஒரு சொட்டு வராது" என்று எழுதித் தர எங்களால் முடியாது. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது மழைத்தண்ணீர் எந்த இடுக்கிலும் ஏறும். அரிசி, மாவு, மின்கருவி ஏற்றுகிறவர்கள் அடியில் ஒரு பலகையும் மேலே ஒரு கித்தானும் போட்டுக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்களுக்கு நேரம் கிடைக்காது, அதற்கு முன்பே வந்துவிடுங்கள். காலையில், காய்ந்த வண்டியாக, பெட்டியைக் காலி செய்துகொண்டு வாருங்கள். போன வாரம் ஓர் அண்ணன் பன்னிரண்டு மூட்டை சிமெண்டோடு வந்தார். ரப்பர் ஒட்டியது ஒரு மணி நேரம், மூட்டை இறக்கி ஏற்றியது மீதி நாள்.

நன்றியுடன்,
செந்தூல் கடையிலிருந்து