போர்டில் இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் தெருக்காரர்களுக்கு,

வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சின் கான் நகரில் கேரம் உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இருவரும் வடசென்னைப் பெண்கள். ஆனாலும் சாயங்காலம் போர்டைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் பையன்கள்தான். சனி, ஞாயிறுகளில் அந்த இடத்தில் பெண் பிள்ளைகளும் வந்து உட்கார வழி செய்த உங்களுக்கு இந்த மடல்.

முதலில் மன்றத்து அண்ணன்களுக்கு நன்றி. நாலு மணி முதல் ஆறு மணி வரை போர்டை விட்டுக்கொடுத்தீர்கள். அந்த நேரத்தில் காசு கட்டி ஆடுவதில்லை, உள்ளே புகை பிடிப்பதில்லை, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று "அந்தக் காயை அடிம்மா" என்று சொல்வதில்லை என்பதையும் நீங்களே முடிவு செய்தீர்கள். மூன்றிலும் கடைசியாகச் சொன்னதுதான் பேருதவி. தப்பான காயை அடித்து, அது குழிக்குப் போகாமல் எங்கே முட்டியது என்று தானே பார்க்கிற பிள்ளை மறுவாரமும் வருகிறாள். நாலு பேர் சொல்லிக்கொடுத்து ஆடுகிறவளுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது.

ஸ்டாண்டின் காலை அறுத்துக் கொடுத்த ஆசாரிக்கு நன்றி. போட்டி விதிப்படி ஸ்டாண்டு 63 முதல் 70 செ.மீ. உயரம் இருக்கலாம். எங்களுடையது நின்றுகொண்டு ஆடுவதற்காக அடித்தது. பத்து வயதுப் பிள்ளை அதன்முன் உட்கார்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், விரல் மேலிருந்து கீழே குத்தும், ஸ்ட்ரைக்கர் துள்ளிவிடும். இப்போது 65 செ.மீ. அதுவும் எட்டாத பிள்ளைகளுக்கு நாற்காலியில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுகிறோம். முழங்கை போர்டின் மரச் சட்டத்தின் மட்டத்துக்கு வந்தால் போதும்.

மழைக்காலத்தில் போர்டைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துக் காப்பாற்றிய பாட்டிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஈரக்காற்றில் பிளைவுட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பவுடர் காய்களின் அடியில் பிசினாக ஒட்டும், காய் பாதி வழியில் நிற்கும். உடனே யாராவது "பொண்ணுக்கு விரல்ல தெம்பு இல்லை" என்பார்கள். குறை போர்டில் இருக்கிறது, விரலில் இல்லை. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் எதிர்ச் சட்டத்துக்கும் இந்தப் பக்கத்துக்குமாக மூன்றரை தடவை ஓட வேண்டும், அதுதான் நல்ல போர்டு. பாட்டி அதைச் சுவரில் சாய்க்காமல், வளைந்துவிடும் என்று கட்டிலில் படுக்கையாகவே வைத்திருந்தார். வெளியே எடுத்ததும் பழைய வேட்டித்துணியால் பவுடரை எல்லாம் வழித்துவிட்டு, 19 காய்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டி அடிப்பக்கம் துடைப்பார். பிறகு புதுப் பவுடர், இரண்டு சிட்டிகை. அள்ளிக் கொட்டினால் மூச்சில் ஏறும், அது நல்லதில்லை.

விதிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிய நடுவர் அக்காவுக்கு நன்றி. கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று வீட்டில் எண்ணிப் பழகிய பிள்ளைகள் போட்டியில் திகைத்துப்போவார்கள். அங்கே சிவப்புக்கு 3 புள்ளிதான், அதுவும் 22 புள்ளியைத் தொட்டுவிட்டால் கிடையாது. ஒரு கேம் 25 புள்ளி, அல்லது 8 போர்டு, அதாவது எட்டுச் சுற்று. சிவப்பைப் போட்டதும் ஃபாலோ, அதாவது கூடவே நம் காய் ஒன்று, விழாவிட்டால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். இவையெல்லாம் சுவரில் இருப்பதால், சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே சட்டம் என்ற நிலை போய்விட்டது. சாதுவான பிள்ளைகள்கூட "அங்க பாருங்கண்ணா" என்று விரல் நீட்டுகிறார்கள்.

கழிவறைக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், வளையல் காயில் பட்டுத் தகராறு வருகிறதென்று பார்த்து, கழற்றி வைக்க எவர்சில்வர் கிண்ணம் கொண்டுவந்த அம்மாவுக்கும் நன்றி.

மே விடுமுறைக்கு இன்னொரு போர்டு தேவைப்படும். பரணில் பழையது கிடந்தால் சொல்லுங்கள். பாக்கெட் வலை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பலகை வளையாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒரு நூலைக் குறுக்கே பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
சனி, ஞாயிறு கேரம் பயிற்சி நடத்துகிறவர்கள்