ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற தம்பி தங்கைகளுக்கு

வணக்கம். பாரம்பரிய அறிவு பற்றிய ஆய்வு உதவித்தொகைகள் குறித்து மூன்று பேர் தனித்தனியே கேட்டதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். என் முதல் விண்ணப்பம் "திருகோணமலை மாவட்டத்தின் பாரம்பரிய அறிவு". திரும்பி வந்தது, வந்தது நியாயம்தான். போன மாதம் குச்சவெளியில் கரைவலைக்காரப் பெரியவர் ஒருவர் நெற்றியில் கையை வைத்து, கடலில் ஒரு கருந்திட்டைக் காட்டி, "அது நிழல் இல்லை மகன், மீன்" என்றார். எனக்குக் கடைசிவரை தண்ணீர்தான் தெரிந்தது. அந்தப் பார்வை அவருக்கு எப்படிப் பழகியது, இப்போது யாருக்குப் பழக்குகிறார் என்பதே ஒரு வருட வேலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பவர்கள் ஒரே ஒரு மூலிகையோடு தொடங்கலாம்.

அப்புறம், அனுமதி. மூதூர், வெருகல் பக்கம் கரையோர வேடர் பழங்குடியினரிடம் போகிறவர்கள் பதிவு செய்யப் போனை எடுக்கும் முன்னரே கேளுங்கள். பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனத்தின் 31ஆம் உறுப்புரை, தங்கள் அறிவைப் பேணவும் கட்டுப்படுத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. விண்ணப்பத்தில் இதற்கு இரண்டு பந்தியாவது ஒதுக்குங்கள். நம்மவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வரவு செலவில் பஸ் காசையும் சேருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

சரி, வரைவை ஞாயிறு இரவுக்குள் இங்கேயே போடுங்கள். ஒரு பக்கம் போதும். குரல் பதிவு மட்டும் வேண்டாம், வேலை நேரத்தில் கேட்க முடியாது.