கணவாய் மை உணவுகள்: தட்டில் இருப்பது மையா, கரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணவாய் என்னும் கடலுயிரியின் மைப்பையிலிருந்து எடுக்கும் கறுப்பு மையில் சமைக்கப்படும் உணவுகளைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். படங்கள் மிக அழகாக இருந்தன. ஆனால் அந்தத் தட்டுகள் எவ்வளவு கறுப்பாக இருந்தன என்பதை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அவை நாவில் எப்படி இருந்தன என்பதை ஓரிரு வரிகளிலேயே முடித்துவிட்டார். அந்தக் கறுப்பு எதனால் வந்தது என்பதை அவர் எந்த உணவகத்திலும் கேட்டதாகவும் தெரியவில்லை. தொழில் நிமித்தம் கடலோர நகரங்களில் தங்க நேர்ந்தபோதெல்லாம் இந்த உணவைத் தேடிப் போய் உண்டு வருபவன் என்ற முறையில், கேட்டே ஆகவேண்டிய கேள்வி அதுதான் என்று கருதுகிறேன்.

கணவாய் மை என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, வெனிஸ் நகரத்தின் கறுப்பு ரிசோட்டோ என்னும் குழைந்த சோற்றில் இருப்பது ஊசிக்கணவாயின் (squid) மை அன்று, ஓட்டுக்கணவாயின் (cuttlefish) மை. இத்தாலியர் அதை 'நேரோ தி செப்பியா' என்கிறார்கள். 'செப்பியா' என்பது ஓட்டுக்கணவாயின் பெயர். பழைய புகைப்படங்களின் பழுப்பு நிறத்தை 'செபியா' என்று அழைப்பதும் இந்த உயிரினத்தின் மையைக் கொண்டு எழுதியும் வரைந்தும் வந்த வழக்கத்தின் மிச்சமே. ஓட்டுக்கணவாயின் மைப்பை பெரியது, மையும் தாராளமாகக் கிடைக்கும். ஊசிக்கணவாயின் பை சிறியது. அதைக் கிழியாமல் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும்.

மையின் கறுப்புக்குக் காரணம் மெலனின், அதாவது நம் முடிக்கும் தோலுக்கும் நிறம் தரும் அதே வகை நிறமி. அது நீரில் கரையாமல் மிக நுண்ணிய துகள்களாக மிதப்பதால்தான் ஒரு சிறு கரண்டி மை ஒரு சட்டிச் சோற்றையே கறுப்பாக்கிவிடுகிறது. சுவை இந்த நிறமியிலிருந்து வருவதில்லை. மையில் உள்ள குளூட்டமிக் அமிலம் போன்ற அமினோ அமிலங்களும் உப்பும் சேர்ந்துதான் அந்தக் கடல் ருசியைத் தருகின்றன. அதனோடு கலந்திருக்கும் வழுவழுப்பான சளிப்பொருள் குழம்புக்குப் பளபளப்பைத் தருகிறது. ஆகவே நிறம் முழுமையாகவும் சுவை வெறுமையாகவும் இருக்கும் ஒரு தட்டைப் பரிமாறுவது எந்தச் சமையல்காரருக்கும் கடினமான காரியமன்று.

வெனிஸில் ஒரு சிறிய உணவகத்தில் நான் உண்ட ரிசோட்டோவை இந்த உணவுக்கு உரைகல்லாக இன்றுவரை மனத்தில் வைத்திருக்கிறேன். வெங்காயத்தைப் பொன்னிறமாகும் முன்பே நிறுத்தி, நறுக்கிய ஓட்டுக்கணவாய்ச் சதையை அதிலேயே வெள்ளைத் திராட்சை மதுவோடு நெடுநேரம் வேகவைத்து, அதன் பிறகே அரிசியையும் மையையும் சேர்த்திருந்தார்கள். தட்டைச் சாய்த்தால் அலைபோல் நகரும் பதத்தில் இருந்த அந்தச் சோற்றில், முதலில் இனிப்பும், பின்னர் உப்பும், கடைசியில் மிக மெல்லிய ஒரு கசப்பும் வந்தன. ஸ்பெயினின் வலென்சியாவில் அதே மை முற்றிலும் வேறு குணம் காட்டியது. அங்கே கறுப்புச் சோறு அகன்ற தட்டையான இரும்புச் சட்டியில் மெல்லிய அடுக்காக, ஈரம் வற்ற வேகிறது. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த 'அலியோலி'யைத் தொட்டுக்கொண்டு உண்ணும்போது மையின் கனம் குறைந்து கூர்மை தெரிகிறது. ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் பகுதியில் சிறு கணவாய்களை முழுதாக வெங்காயமும் தக்காளியும் சேர்ந்த மைக்குழம்பில் வேகவைக்கிறார்கள். ஆனால் என்னை மிகவும் வியக்கவைத்தது ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் குடித்த சூப்தான்: கணவாயும் பன்றி இறைச்சியும் கசப்புக் கீரையும் சேர்ந்த, இரவுபோல் கறுத்த சாறு. அதில் மை அலங்காரமாக இல்லை. மற்ற எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கும் அடிச்சுவையாக இருந்தது.

இவற்றை உண்ட நாவோடு வேறொரு நகரத்தில், கறுப்பு நூடுல்ஸுக்குப் பெயர்பெற்ற ஓர் உணவகத்துக்குச் சென்றேன். நிறத்தில் எந்தக் குறையும் இல்லை; சுவையில் வெண்ணெயும் பூண்டும் மட்டுமே இருந்தன. பரிமாறியவரிடம் கேட்டபோது, அவர் உள்ளே சென்று மாவுப் பொட்டலத்தையே எடுத்துவந்து காட்டினார். நிறத்துக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது தாவரக் கரி. அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் உணவுப் பட்டியலில் 'கணவாய் மை' என்றே அச்சிட்டிருந்தார்கள். உதடும் பல்லும் கறுத்ததை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது, ஏனெனில் கரியும் அதையே செய்யும். உண்மையிலேயே மை சேர்த்துச் செய்த உலர்ந்த பாஸ்தாவிலும்கூட மாவில் கலப்பது சிறிதளவுதான் என்பதால், குழம்பிலும் மை சேர்க்காவிட்டால் சுவை எட்டிப் பார்ப்பதில்லை.

இது ருசி பற்றிய புகார் மட்டுமன்று. கணவாய், சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகளைச் சேர்ந்தது. மெல்லுடலிகளால் கடும் ஒவ்வாமைக்கு ஆளாகிறவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயமாக அறிவிக்கவேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் மெல்லுடலிகளும் ஒன்று. 2014 டிசம்பர் முதல் உணவகங்களில் பரிமாறும் உணவுக்கும் அந்த விதி பொருந்துகிறது. 'கறுப்பு ரொட்டி', 'கறுப்புச் சாறு' என்று நிறத்தை மட்டும் சொல்லும் பட்டியலைப் பார்த்து, ஒவ்வாமை உள்ள ஒருவர் கரி என்று நினைத்து மையை உண்டுவிடக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

தங்கள் இதழின் உணவகப் பகுதியை நம்பிப் பலர் வெளியே சாப்பிடச் செல்கிறார்கள். இனி இத்தகைய உணவைப் பற்றி எழுதும்போது, மை எந்தக் கணவாயினுடையது, சமையலறையிலேயே பையிலிருந்து எடுத்ததா, பொட்டலத்தில் வாங்கியதா என்பதைக் கட்டுரையாளர்கள் கேட்டு, கிடைத்த பதிலையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்ல மறுக்கும் உணவகம் இருந்தால், மறுத்தது என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்