வீடியோவில் வராதது

தக்கலை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லோரும் நலம். அங்கே எப்படி? நீ கேட்டது சரிதான், அந்தக் குத்துச்சண்டை வீடியோவில் சிவப்புப் பனியனோடு நிற்கிறவன் என் மருமகன்தான். தங்கச்சியின் இளைய மகன். நீ கடைசியாகப் பார்த்தபோது குளத்தங்கரையில் துணி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தான். இப்போது 17 வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். வெறும் 11 விநாடி வீடியோ, அது புனே வரைக்கும் வந்துவிட்டது என்றால் இங்கே என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துக்கொள். சந்தையில் நெத்திலி வாங்கப் போனேன். மீன்காரம்மா கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்து, "சாரே, இது உங்க பிள்ளதானே?" என்று நீட்டினாள். அன்றைக்கு ஒரு கை மீன் கூடுதல்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ இடையில் புகுந்து உன் குத்துச்சண்டை வீரன் மைக் டைசன் கதைக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். டைசனுக்கு நானே வருகிறேன், பொறு.

போட்டி நாகர்கோவிலில். ஹாலுக்குள் காற்றே இல்லை. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரே வியர்வை நாற்றம். எதிரே நின்றவன் மேற்குப் பக்கத்துப் பையன், விளவங்கோடு தாலுகா. முதல் ரவுண்டு அவன் கைதான் ஓங்கியிருந்தது. இரண்டாவதில் நம்மவன் இடது கையால் இரண்டு தடவை பொய்க் குத்து காட்டினான். மூன்றாவதும் பொய்தான் என்று நம்பி அந்தப் பையன் வலது கையைக் கொஞ்சம் இறக்கினான். அவ்வளவுதான். பக்கவாட்டில் வளைத்து அடிக்கிற ஹூக் தாடையில் போய் இறங்கியது. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்போமே, நாக் அவுட்டில் மூளை மண்டைக்குள் அப்படித்தான் குலுங்குகிறது. பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் உண்டு. ஆனால் அது வெட்டுக்காயத்தைத்தான் தடுக்கும், குலுக்கத்தைத் தடுக்காது. பெரிய ஆண்களுக்கு 2013-லேயே அதை எடுத்துவிட்டார்கள், உனக்குத் தெரிந்திருக்கும்.

அவன் விழுந்த விதம் என்னால் மறக்க முடியவில்லை. கையை ஊன்றவே இல்லை. கொடியில் கிடந்த வேட்டி நழுவுவது போல விழுந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலி மேல் ஏறி நின்றேன். அவன் கீழே போன பிறகும் கத்தினேன். வீடியோவில் "போடுலே! போடுலே!" என்று ஒரு கரகரத்த குரல் கேட்கிறதல்லவா? அது உன் நண்பன்தான்.

அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. எடுத்தவன் மேலும் எடுத்திருப்பான், அனுப்பியவர்கள் அதற்குப் பிறகு வந்ததை வெட்டிவிட்டார்கள். நான் உனக்கு எழுத நினைத்ததே அந்த வெட்டிய பகுதியைத்தான்.

முதலில் இவனும் ஒன்றும் பெரிய மகான் இல்லை. க்ளவுஸால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, வாயைத் திறந்து ஒரு கத்து கத்தினான். ரெஃப்ரி வெள்ளை மூலையைக் கை காட்டினார். விழுத்தியவன் அங்கே போய் நின்ற பிறகுதான் விழுந்தவனுக்குப் பத்து வரை எண்ணத் தொடங்குவார்கள். 1927-ல் சிகாகோவில் ஜாக் டெம்ப்சி போகாமல் நின்றதால் எண்ணுவது தாமதமாகி, விழுந்த டன்னி மூச்சு வாங்கி எழுந்து கடைசியில் ஜெயித்தே விட்டாரே, அந்த விதிதான். இவன் போனான், இரண்டு கையையும் தூக்கியபடியே. ரெஃப்ரி பத்து வரை எண்ணவில்லை. பாதியிலேயே நிறுத்தி டாக்டரை அழைத்தார். ஹாலில் சத்தம் அடங்கவே இல்லை, விசில் வேறு. அடங்கியது இவன் ஒருவன்தான். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. பஸ்ஸுக்குக் கை காட்டியவன், பஸ் நிற்காமல் போனதும் கையை இறக்க மறந்து நிற்பானே, அப்படி.

அந்தப் பையனின் கம் ஷீல்டு, பல்லைக் காக்க வாய்க்குள் மாட்டுகிற உறை, தெறித்து எச்சிலோடு ரிங் நடுவில் கிடந்தது. நீல நிறம். டாக்டர் குனிந்திருக்கிறார், கோச்சு ஓடி வருகிறார், யாரோ அதை மிதிக்கவும் போனார்கள். ஒரு நிமிஷத்துக்குள் பையன் கண்ணைத் திறந்துவிட்டான், கடவுள் புண்ணியம். அவனை ஸ்டூலில் உட்கார வைத்ததும், இவன் மூலையிலிருந்து வந்து அந்தக் கம் ஷீல்டை எடுக்கக் குனிந்தான். க்ளவுஸ் போட்ட கையால் அதை எடுக்க முடியுமா? இரண்டு தடவை வழுக்கியது. அப்புறம் சூடான சட்டியை இறக்குகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து எடுத்தான். வெற்றியாளன் என்று கையைத் தூக்கிக் காட்டிய பிறகு, வழக்கப்படி எதிர் மூலைக்குப் போய்க் கோச்சுக்கு வணக்கம் வைத்து, அதை நீட்டினான். கோச்சு இவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிடுங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். அவர் பிள்ளை விழுந்து கிடந்த கோபம், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தன், "அங்க என்னத்துக்குடே போறான், கெத்தெல்லாம் போச்சு" என்றான்.

இதற்குப் பிறகு ஊரில் நடந்ததைக் கேள். மூன்றே நாளில் ஜங்ஷனில் ப்ளெக்ஸ் வந்துவிட்டது. "குமரியின் டைசன்" என்று ஆள் உயர எழுத்து. இவன் படம் நடுவில், சுற்றிலும் பன்னிரண்டு முகங்கள். அதில் ஒருத்தர்கூட அன்றைக்கு ஹாலில் இல்லை. பொடியன்கள் வீடியோவுக்கு சினிமாப் பின்னணி இசை போட்டு ஸ்டேட்டஸ் வைத்தார்கள். மேற்குப் பக்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ரெஃப்ரி ஒருதலைப்பட்சம், பையனுக்கு முந்தின நாள் காய்ச்சல் என்று எழுதினார்கள். இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ரசிகன் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருப்பான். ஆனால் நம் ஆட்களில் சிலர், விழுந்து கிடந்த பையனின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, "நல்லா நடிக்கான்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார்கள். அதை அனுப்பினவர்களில் ஒருவர் கோயில் கமிட்டியில் என்னோடு உட்காருகிறவர். கேட்டேன். "விளையாட்டுதானே சார்" என்றார். என்ன பதில் சொல்ல? நாற்காலியில் ஏறி நின்ற ஆளுக்கு வாய் இல்லை.

இனி டைசன். 1986 நவம்பர், 20 வயது, பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் முடித்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனது எல்லாம் நீ ஆயிரம் தடவை சொன்னதுதான். எனக்கு இந்த வாரம் முழுக்க ஞாபகம் வந்தது 1990 பிப்ரவரி, டோக்கியோ. உன் அண்ணன் வளைகுடாவிலிருந்து கேசட் கொண்டுவந்து, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து உங்கள் திண்ணையில் போட்டாரே. 37 சண்டையில் ஒன்றும் தோற்காத ஆள், பத்தாவது ரவுண்டில் பஸ்டர் டக்ளஸ் அடித்து விழுகிறான். எழுவதற்கு முன்னால் எதைத் தேடினான்? கம் ஷீல்டை. நாலு காலில் தவழ்ந்து, தடவித் தடவி எடுத்து, பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கடித்துக்கொண்டு எழுந்தான். எண்ணி முடித்துவிட்டார்கள். அதைப் பார்த்து நாம் என்ன செய்தோம்? நீ ஆரஞ்சுத் தோலைப் பல்லில் செருகித் திண்ணையில் தவழ்ந்து காட்டினாய். நான் சிரித்த சிரிப்பில் கட்டன் சாயா மூக்கு வழியாக வந்தது. நமக்கு அப்போது இருபது, இருபத்தொன்று இருக்குமா?

இவனை டைசன் என்கிறார்கள். எனக்கு ஃபிளாய்ட் பேட்டர்சன் ஞாபகம்தான் வருகிறது. 1956-ல் 21 வயதில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். டைசன் வரும்வரை 30 வருஷம் அவரைவிட இளையவர் ஒருவரும் அந்தப் பட்டத்தை எடுக்கவில்லை. 1959-ல் ஸ்வீடன்காரர் யோஹான்சன் அவரை ஒரே ரவுண்டில் ஏழு தடவை விழுத்திப் பட்டத்தைப் பறித்தார். மறுவருஷம் ஜூனில் பேட்டர்சன் ஐந்தாவது ரவுண்டில் இடது ஹூக்கால் அடித்ததும், யோஹான்சன் மல்லாந்து கிடக்கிறார், இடது கால் மட்டும் துடிக்கிறது. பேட்டர்சன் முதலில் குதித்தார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் ஆள், குதிக்காமல் என்ன செய்வார்? அப்புறம்தான் அந்தக் காலைப் பார்த்திருக்கிறார். போய் முட்டி போட்டு அவரைத் தாங்கிக்கொண்டார். வயசான காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மாரத்தான் ஓடியிருக்கிறார்கள். குதித்ததற்கும் முட்டி போட்டதற்கும் நடுவில் சில நொடிகள் இருக்கின்றன. நம்மவனுக்கும் அந்த நொடிகள் தேவைப்பட்டன. எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

நம் களரி ஆசானை நினைத்துக்கொண்டேன். உடம்பில் உயிர் நிற்கிற இடங்களை 108 வர்மம், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று ஒப்பிக்கச் சொல்லுவார், ஆனால் அடியைச் சொல்லித் தருவதற்கு முன்னால் தடவச் சொல்லித் தருவார். களரியில் நான் உன் விலாவில் உதைத்து நீ மூச்சு முட்டிக் கிடந்த அன்றைக்கு, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. காயத்திருமேனி எண்ணெயைக் கையில் ஊற்றி, "ஏழு நாள் நீதான் தடவணும்" என்றார். தடவினேன். சாக்கோடு சாக்காகக் கிள்ளியதும் உனக்கு மறந்திருக்காது.

தங்கச்சி போட்டிக்கு வரவில்லை. எப்போதும் வரமாட்டாள். ஜெயித்துவிட்டான் என்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு அம்மா வந்திருந்தாளா அண்ணா?" என்றாள். நான் கவனிக்கவே இல்லை என்று சொன்னேன். கவனிக்கவில்லைதான்.

நேற்று அவன் வீட்டுக்கு வந்தான், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட. பேட்டர்சன் கதையை எல்லாம் பெரிய பாவனையோடு சொல்லிவிட்டு, கம் ஷீல்டை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். கிழங்கை மென்றுகொண்டே, "அது வெந்நீர்ல போட்டுக் கடிச்சு அச்சு எடுக்கது மாமா. அவன் பல்லுக்கு மட்டும்தான் சேரும். மிதிச்சா போச்சு, புதுசு வாங்கணும்லா" என்றான். இவ்வளவுதான். நான் பேட்டர்சனை மூடிவைத்துவிட்டு இன்னொரு துண்டு கிழங்கு போட்டேன்.

தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனதால் அந்தப் பையன் கொஞ்ச நாளைக்கு ரிங்கில் ஏறக்கூடாது, பயிற்சிச் சண்டையும் கிடையாது. வீட்டில் சும்மா இருக்கிறான், இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்களாம். அவனுக்கும் அந்த 11 விநாடி போய்ச் சேர்ந்திருக்கிறது. பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம்: "நான் விழுந்தப்புறமும் போடுலேன்னு கத்துது ஆருடே?"

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"தெரியல்லன்னு சொல்லிட்டேன் மாமா."

கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? மழை நன்றாகப் பெய்திருக்கிறது, குளம் நிறைந்து கிடக்கிறது. மட்டி வாழைக்குலை ஒன்று தோட்டத்தில் உனக்காக நிற்கிறது.

உன்,
திண்ணைக் கூட்டாளி