பிடித்த நாயை ஏன் திரும்ப விட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களை மொத்தமாகப் பிடித்துக் காப்பகத்தில் அடைத்துவிட வேண்டும் என்று வாசகர்கள் எழுதுவதைப் படிக்கிறேன். 32 வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். இரண்டு முறை கடி வாங்கியிருக்கிறேன். முதல் கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்தக் காலத்து ஆட்களுக்கு அந்த வலி தெரியும். எனவே என்னை நாய்ப்பித்து என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

எங்கள் தெருவில் கறுப்பி என்று ஒரு பெட்டை. இரண்டு ஈற்றும் மழைநீர்க் கால்வாய்க்குள்தான். போன மாதம் வண்டி வந்து வலை வீசிப் பிடித்துப் போனது. ஒரு வாரம் கழித்து அதே வண்டி டீக்கடை வாசலில் இறக்கிவிட்டது. வயிற்றில் ரோமம் மழித்திருந்தது, காது நுனியில் சின்ன வெட்டு. குடியிருப்போர் சங்கத்தார் வண்டியை மறித்துக்கொண்டார்கள். "தொலைந்ததென்று இருந்தோம், எதற்குத் திரும்பக் கொண்டுவந்தீர்கள்?" பதில் சொல்ல வந்த வண்டிப் பையனை யாரும் பேசவிடவில்லை.

அவன் சொல்ல வந்தது இதுதான். கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் விதி. வெறி பிடித்தது, மூர்க்கமானது தவிர மற்றவற்றை இதேபோலத் திரும்ப விடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஒரு காலத்தில் சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கரண்ட் வைத்துக் கொன்றது. வருடக்கணக்கில் கொன்றும் நாய் குறைந்த பாடில்லை. காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். கருத்தடைதான் வழி என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964 முதலே சொல்லிவந்தது. மாநகராட்சி காதில் போட்டுக்கொள்ள 1996 ஆயிற்று.

சரி, காப்பகம் எதற்கு? லாரியில் அடிபட்ட நாயோடு ஒருமுறை போயிருந்தேன். மூன்று கால் நாய்கள், கண் தெரியாத மாடு, புண்ணுக்குக் கட்டுப்போட்ட கழுதை. இவற்றுக்குத்தான் அந்த இடம். ஆனால் வாசல் கம்பியில் ஒரு லாப்ரடார் கட்டிக் கிடந்தது, பக்கத்தில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ராத்திரி யாரோ காரில் வந்து கட்டிவிட்டுப் போனார்களாம். வாரத்துக்கு இரண்டு மூன்று இப்படி வருமாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள்தான் இதையும் செய்கிறார்கள்.

கறுப்பி இப்போது வெளிநாய் எதையும் தெருமுனை தாண்ட விடுவதில்லை. என்னைக் கண்டால் மட்டும் இன்னும் குரைக்கிறாள். காக்கியைக் கழற்றி எட்டு வருடம் ஆகிறது, அவளுக்கு யார் சொன்னார்களோ.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
நங்கநல்லூர், சென்னை.